போதகர் அழுததைப் பார்த்துவிட்டேன், யாரிடம் சொல்ல?

ஒலிஅறைத்_தம்பி | வெள்ளி, காலை 7.12

வேலைக்குப் போற எம்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

நான் இங்க சிங்கப்பூர்ல ஒரு தமிழ்ச் சபையில ஒலி அமைப்பு பாக்குறவன். எந்தச் சபைன்னு சொல்ல மாட்டேன். நம்ம உலகம் சின்னது, ஷார்ட் ஸ்திரீட்ல தும்மினா செம்பவாங்ல கேக்கும்.

நேத்து ராத்திரி 9.40 இருக்கும். மைக் பெட்டிச் சாவியைத் திருப்பி வைக்க ஆலயத்துக்குப் போனேன். மேல எல்லா விளக்கும் அணைஞ்சிருந்துச்சு. சமையலறையில மட்டும் மைக்ரோவேவ் கதவு திறந்து கிடக்க, அந்தச் சின்ன வெளிச்சத்துல போதகர் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருந்தார். முன்னாடி ஒரு நாசி லெமாக் பொட்டலம். ரப்பர் பேண்டு கூட எடுக்கல. வெள்ளைக் காலரைக் கழட்டிக் கையில வச்சிருந்தார். தோள் குலுங்குது, ஆனா சத்தமே இல்ல.

என்னைப் பாத்ததும், "தம்பி, சாவிய மேசையில வச்சிட்டுப் போங்க. கதவைச் சாத்திடுங்க"ன்னார். சாத்திட்டு வந்துட்டேன்.

ஒன்பது நாள்ல மூணு அடக்கம். கடைசியா போனது 19 வயசுப் பையன். மூணு ராத்திரி புளோக் கீழ்த்தளத்துல ஜெபம், நாலாம் நாள் மண்டாய் தகனச்சாலை. இதுக்கு நடுவுல ஒரு குடும்பத்துக்குச் சுவா சூ காங் கல்லறையில தாத்தாவோட 15 வருஷத் தவணை முடிஞ்சு எலும்பு எடுக்குறாங்கன்னு விடியக்காலம் அங்கயும் போய் ஜெபம் பண்ணிட்டு வந்தார்.

மூப்பர்கிட்ட சொல்லவா? போதகரம்மாகிட்டயா? இல்ல, பாக்காத மாதிரி இருந்துடவா?

ஈசூன்_அக்கா | வெள்ளி, காலை 8.03

தம்பி, தயவுசெஞ்சு மூப்பர்கிட்ட சொல்லாதீங்க. மத்தியானத்துக்குள்ள வாட்ஸ்அப் குழுவுல "போதகருக்காக விசேஷ ஜெபக் குறிப்பு"ன்னு வந்துடும். ஜெபக் குறிப்புன்னு பேர் வச்ச வம்பு எத்தனை பாத்திருக்கேன்.

12மணிநேர_ஓட்டுநர் | வெள்ளி, காலை 10.47

பயணி வர்ற வரைக்கும் காத்திருக்கேன், அதனால எழுதுறேன். யாருக்கும் பிடிக்காது.

நான் வாடகை வண்டி ஓட்டுறேன், நாளைக்கு 12 மணி நேரம். வீட்டுக்காரி வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். நான் எந்த மைக்ரோவேவ் முன்னாடி அழுதாலும் ஒருத்தனும் இழை திறக்க மாட்டான். எல்லாருக்கும்தான் மன அழுத்தம். அவருக்கு வீடு சபை கொடுக்குது, சம்பளம் சபை கொடுக்குது.

என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன் அன்னிக்குப் போதகர் வரேன்னார், வரல. அதே வாரம் ஒரு மூப்பரோட புது காண்டோ வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போனார், படம்கூட முகநூல்ல வந்துச்சு. அன்னியோட சபைக்குப் போறதை நிறுத்தினேன். ஆறு வருஷம் ஆச்சு.

இன்னொண்ணு. 2015-ல இந்த ஊர்ப் பெரிய சபை ஒண்ணுல ஆறு பேர் குற்றவாளின்னு தீர்ப்பாச்சு. சபைப் பணம் 50 மில்லியன் வெள்ளி விவகாரம். அதையும் "மனுஷ பலவீனம்"னு தடவிக் கொடுக்கணுமா?

ஆயர்மகள் | வெள்ளி, பகல் 1.20

ஓட்டுநர் அண்ணே, உங்க கோபம் நியாயம். போதகர் வீட்டுக்குள்ள வளந்தவ நான், அங்கேருந்து கொஞ்சம் சொல்றேன்.

எங்க வீட்டு போன் சாப்பிடுற நேரத்துலதான் அடிக்கும். அம்மா எடுத்து "ஐயா குளிச்சிட்டிருக்காங்க"ம்பாங்க. அப்பா எதிர்ல இட்லியோட உக்காந்திருப்பார். பொய் சொல்லக் கூடாதுன்னு ஞாயிறு பள்ளியில பாடம் எடுத்ததும் அதே அம்மாதான். ஒரு நாளைக்கு ஏழு தடவை குளிக்கிற மனுஷன் சிங்கப்பூர்லயே எங்க அப்பா ஒருத்தர்தான்.

மாற்றல் வந்தா மூட்டை கட்டணும். மூணு பள்ளிக்கூடம் மாறினேன். வீட்டுல இருந்த சோபா, கட்டில், மேசை எல்லாம் யாரோ புதுசு வாங்கினதும் "போதகர் வீட்டுக்கு" அனுப்பினது. நாங்க தேர்ந்தெடுத்த சாமான்னு சொல்ல ஒரே ஒரு மஞ்சள் வாளி இருந்துச்சு. அதைத் தூக்கிப் போட அம்மா விட்டதே இல்ல.

அப்பா அழுது நான் பாத்ததில்ல. ஆனா சனிக்கிழமை ராத்திரி குளியலறைக் குழாய் ரொம்ப நேரம் ஓடும். அவர் போனப்புறம்தான் அம்மா சொன்னாங்க, அது குளிக்கிற சத்தம் இல்லன்னு.

ஒஃபிர்_ரோடு | வெள்ளி, மாலை 6.35

நான் கத்தோலிக்கன், லூர்து மாதா கோயில். 1888-ல கட்டின கோயில், எங்க தாத்தா காலத்துலருந்து குடும்பமே அங்கதான். சண்டைக்கு வரல, ஒரு சந்தேகம்.

எங்க பாதருக்கு மனசுல பாரம்னா இன்னொரு பாதர்கிட்ட போய் பாவசங்கீர்த்தனம் பண்ணுவார். கேட்டவர் உயிரே போனாலும் வெளிய சொல்லக் கூடாது. அதனால எங்க ஆளுங்க எல்லாரும் சுத்தம்னு சொல்ல வரல, எங்க பக்கத்து அசிங்கத்தை உலகமே பாத்துச்சு. ஆனா கதவுன்னு ஒண்ணு இருக்கு. உங்க போதகர் யாரோட கதவைத் தட்டுவார்?

பழைய_எல்சிஇசி | வெள்ளி, இரவு 9.58

நல்ல கேள்வி. மெதடிஸ்த் சபையில் இருபது ஆண்டுக்கு மேல் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்தவன் என்ற முறையில் வெட்கத்தோடு பதில் சொல்கிறேன்.

எங்களிடமும் அந்தக் கதவு இருந்தது. மெதடிஸ்த் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இல் சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதினார். வாரம் ஒருமுறை கூடி, ஒவ்வொருவரிடமும் நேராகக் கேட்க வேண்டும்: சென்ற கூட்டத்துக்குப் பிறகு அறிந்து என்ன பாவம் செய்தீர், என்ன சோதனை வந்தது, எப்படித் தப்பினீர்? மெதடிஸ்த் மிஷனரிகள் ஓல்டமும் தோபர்னும் 1885-இல் இந்தத் தீவில் வந்து இறங்கியபோது கொண்டுவந்த மரபின் வேர் அது. இன்று எங்கள் குழுவில் கேட்கும் கேள்விகள் வேறு. குளிர்சாதனப் பராமரிப்பு ஒப்பந்தம் என்ன ஆச்சு? காணிக்கை சென்ற காலாண்டைவிடக் குறைந்தது ஏன்?

வெஸ்லியும் பளிங்குச் சிலை இல்லை. 1751-இல் ஒரு விதவையை மணந்தார், அந்தக் குடும்ப வாழ்க்கை உருப்படவில்லை. அவர் ஊர் ஊராகக் குதிரையில் போய்க்கொண்டே இருந்தார், அந்த அம்மா பொறாமையிலும் தனிமையிலும் வெந்தார், கடைசியில் பிரிந்தார். 1781-இல் அந்த அம்மா இறந்து அடக்கம் செய்யப்பட்ட பிறகே வெஸ்லிக்குத் தகவல் வந்தது. ஊரெல்லாம் மனந்திரும்புதலைப் பிரசங்கித்தவருக்குத் தம் வீட்டைச் சரிசெய்யத் தெரியவில்லை. எங்கள் சபை வரலாற்று நாளில் இதை யாரும் பேசுவதில்லை.

நெல்லைக்காரன்_தோபாயோ | வெள்ளி, இரவு 11.31

ஐயா, வெள்ளைக்காரன் கதைன்னாலும் நம்ம மண்ணுல நடந்ததை விட்டுட்டீங்களே. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல தரங்கம்பாடியில இறங்கினார். தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சேத்தின மனுஷன். ஆனா முன்கோபி. கோட்டைத் தளபதியோட மோதி 1708-ல நாலு மாசம் டான்ஸ்பர்க் கோட்டையில அடைபட்டார். தப்பு தளபதி பேர்ல அதிகம், சந்தேகமில்ல. ஆனாலும் வளைஞ்சு கொடுக்கத் தெரியாத ஆளு.

அதைவிட எனக்கு நெஞ்சுல நிக்கிறது கடைசிக் காலம். ஆலயம் கட்டி முடிச்சு 1718-ல பிரதிஷ்டை. கோபன்ஹேகன்ல உக்காந்திருந்த மிஷன் செயலாளர், கட்டடம் எதுக்கு, பள்ளிக்கூடம் எதுக்கு, அப்போஸ்தலர் மாதிரி வெறுங்கையோட போய்ப் பிரசங்கிக்க வேண்டியதுதானேன்னு குத்திக் குத்தி எழுதுறார். இவர் ஏற்கெனவே நோயாளி. 1719 பிப்ரவரியில செத்துப்போனார், வயசு 36. தமிழ்நாட்டு வெயிலைத் தாங்கினவர் தலைமையகத்துக் கடிதத்தைத் தாங்கல.

ரேனியஸ் ஐயர் கதையும் அதே மாதிரிதான். பாளையங்கோட்டையில சபை சபையா எழுப்பினவர். அவரை வச்சிருந்த மிஷன் சங்கத்தோட கொள்கைச் சண்டை, 1835-ல அவங்க விலக்கினாங்க. அவர் பக்கம் பாதிச் சனம், சங்கத்துப் பக்கம் மீதி. 1838-ல போய்ச் சேர்ந்தார். பிடிவாதம் யார் பக்கம்னு எங்க ஊர்ல இன்னும் சண்டை போட ஆள் இருக்கு.

பெயர்_வேண்டாம் | சனி, காலை 5.16

தூக்கம் வரல. ராத்திரி முழுக்க இந்த இழையைப் படிச்சேன். எல்லாரும் நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா "அவரும் மனுஷன்தானே"ன்னு யாராவது சொன்னா எனக்கு வயித்தைப் பிசையுது.

என் பழைய சபை. ஆலோசனை கேட்டு ஓர் ஊழியர்கிட்ட போனேன். என்ன நடந்துச்சுன்னு இங்க எழுத மாட்டேன், எழுத வேண்டிய இடத்துல எழுதிக் கொடுத்தாச்சு. அதுக்கப்புறம் மூப்பர் ஒருத்தர் எங்க வீட்டுக்கு வந்தார். அம்மா போட்ட தேத்தண்ணியைக் குடிச்சிக்கிட்டே, "தாவீது ராஜாவே விழுந்தார்மா, நாம எம்மாத்திரம்"னார். தாவீதுகிட்ட நாத்தான் தீர்க்கதரிசி வந்து "நீயே அந்த மனுஷன்"னு மூஞ்சிக்கு நேரா சொன்னதை அவர் சொல்லல. தாவீது அபகரிச்ச பத்சேபாள் வீட்டுக்குப் போய் யாராவது தேத்தண்ணி குடிச்சாங்களான்னும் சொல்லல.

மூப்பன்மேல பிராது வந்தா இரண்டு மூன்று சாட்சி வேணும்னு வசனம் காட்டினாங்க, 1 தீமோத்தேயு 5:19. நான் அடுத்த வசனத்தைக் காட்டினேன். பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்லுது. "அது வேற சூழ்நிலை"ன்னாங்க. ஒரே பவுல், ஒரே நிருபம், ஒரு வரி இடைவெளியில சூழ்நிலை மாறிடுச்சு.

ஓட்டுநர் அண்ணே, நீங்க கேட்டதுக்கு என் பதில் இதுதான். களைப்பு, கோபம், விசுவாசம் வத்திப்போறது எல்லாம் பலவீனம். அதுல முதல்ல அடிபடுறது அவர்தான். இன்னொருத்தரோட காசுலயோ உடம்புலயோ கை வைக்கிறது பலவீனம் இல்ல. அதுக்குப் போலீஸ் இருக்கு. அழுற போதகருக்காக நான் ஜெபம் பண்ணுவேன். ஆனா ரெண்டையும் ஒரே போர்வையால மூடாதீங்க.

நெறியாளர் | சனி, காலை 8.40

மேலே உள்ள பதிவுக்குக் கீழே வந்த நான்கு பின்னூட்டங்களை நீக்கியுள்ளேன். இரண்டில் சபைப் பெயர், ஒன்றில் ஆளின் பெயர், ஒன்றில் "ஆதாரம் இருக்கா" என்ற கேள்வி. அவர் இங்கே எதையும் நிரூபிக்கக் கடமைப்பட்டவர் அல்ல. பெயரை ஊகிக்கும் விளையாட்டு தொடர்ந்தால் இழையைப் பூட்டுவேன்.

திங்கள்_விடுமுறை | ஞாயிறு, இரவு 11.52

நான் ஒரு போதகன். இழையைத் தொடங்கிய தம்பியின் போதகரா என்று கேட்க வேண்டாம். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் யாராவது ஒருவர் தலை உருளும்.

அந்தச் சகோதரி எழுதியதை மூன்று முறை படித்தேன். அந்தத் தேத்தண்ணி குடித்த மூப்பரைப்போல நானும் ஒரு வீட்டில் உட்கார்ந்து சமாதானம் பேசியிருக்கிறேன், வேறு காரியத்துக்கு. அதை இன்று காலை பலிபீடத்தின் முன் நிற்கும்போது நினைத்துக்கொண்டேன். இப்போது என்னைப் பற்றி.

ஜெபத்தைக் குறித்து நான்கு வாரம் தொடர் செய்தி கொடுத்தேன். அந்த நான்கு வாரமும் நான் ஜெபிக்கவில்லை. பொது ஜெபம் செய்தேன், ஆசீர்வாதம் கூறினேன், மருத்துவமனைக் கட்டிலருகே தலையில் கைவைத்து மன்றாடினேன். அறைக்கதவைச் சாத்தி முழங்கால் போட்டால் நினைவுக்கு வருவது கூரை ஒழுகலுக்கு வந்த மூன்று விலைப்புள்ளிகள்.

பாட்டுப் பாடும்போது தலைகளை எண்ணுவேன். மூன்றாம் சரணம் முடிவதற்குள் கணக்கு முடிந்துவிடும். இன்று 84. ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றுமுன் வேறொரு சபையின் நேரலையை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கைப்பேசியில் பார்த்தேன். எண்ணிக்கை குறைந்திருந்தது. சந்தோஷப்பட்டேன். நற்கருணை கொடுத்த கை ஈரம்கூடக் காயவில்லை.

சில மாதங்களுக்கு முன் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் "தேவ சித்தம்" என்று சொல்லிவிட்டேன். வேறு சொல் கிடைக்கவில்லை, நேரம் இரவு இரண்டு மணி. அவர் ஒன்றும் பேசவில்லை. என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை, பிரசங்கக் குறிப்பில் இருந்தாலும் தாண்டிப் போகிறேன்.

வீட்டில் என் குரல் வேறு. அறிவியல் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்ட மகனிடம் எரிந்து விழுந்தேன். அவன் சொன்னான்: "அப்பா, சர்ச்ல பேசுற குரல்ல பேசுங்கப்பா."

யாரிடம் சொல்வது என்று ஒஃபிர் ரோடு கேட்டார். எங்கள் மாவட்ட மேற்பார்வையாளர் நல்லவர். ஆனால் அடுத்த மாற்றல் குறித்து வாய் திறப்பவரும் அவர்தான். போதகர்–சபை உறவுக் குழு இருக்கிறது. என் வேலையை மதிப்பிடுவதும் அதே குழுதான். சக போதகர்கள் சந்தித்தால் "ஊழியம் எப்படி?" "கர்த்தர் நடத்துகிறார்." இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும், கொப்பி குடித்துவிட்டுப் பிரிவோம். ஊரிலிருந்து வேலை அனுமதி அட்டையில் வந்திருக்கும் போதகர்களை நினைத்துப் பாருங்கள். வேலை போனால் வீடும் போகும், பிள்ளைகளின் பள்ளியும் போகும். அவர்களுக்குப் பெருமூச்சு விடக்கூட இடமில்லை. எனக்கு 52. இந்தக் குடியுரிமை இருந்தும், பணி முடியும் நாளில் சபை வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு எந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக்குப் போவேன் என்று இரவில் மத்திய சேமநிதிக் கணக்கைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

ஓட்டுநர் சகோதரரே, நீங்கள் சொன்ன அந்தப் போதகர் நான் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம். ஓர் அம்மாவின் அறுவை சிகிச்சை நாளைத் தாளில் குறித்துச் சட்டைப்பையில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்துத் துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து அந்தத் தாள் வெள்ளை உருண்டையாக வந்தது. அன்றைக்கு நானும் ஒரு வீட்டுப் பிரதிஷ்டையில்தான் இருந்தேன். கேசரி நன்றாக இருந்தது என்பதுவரை நினைவிருக்கிறது. அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்க ஒரு மாதம் பிடித்தது. மறந்ததைவிட அந்த ஒரு மாதம்தான் இன்னும் உறுத்துகிறது.

தாதி_செங்காங் | திங்கள், காலை 6.50

இரவுப் பணி முடிஞ்சு பேருந்துல இருக்கேன். நான் இந்து, இந்த இழைக்குத் தப்பி வந்துட்டேன், ஆனா தொழில்முறையில ஒண்ணு சொல்லணும்.

ஐயா, தூக்கம் போயிடுச்சு, பிள்ளைமேல எரிஞ்சு விழுறீங்க, முன்னாடி நிம்மதி தந்தது எதுவும் இப்ப தரல. இது விசுவாசக் குறைவான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா என் வார்டுல இப்படி ஒருத்தர் சொன்னா மருத்துவரைக் கூப்பிடுவேன். பலதுறை மருந்தகத்துலயே ஆரம்பிக்கலாம். நடு ராத்திரி தாங்கலன்னா எஸ்ஓஎஸ் மனநல உதவி எண் 1767, 24 மணி நேரமும் ஆள் எடுப்பாங்க. பேர் சொல்ல வேண்டியதில்ல, எந்தச் சபைன்னும் கேக்க மாட்டாங்க.

அப்புறம், மத்தவங்களுக்கு: திங்கக்கிழமை அவருக்கு விடுமுறைன்னா அன்னிக்கு அவரைக் கூப்பிடாதீங்க. நாங்க மூணு ஷிப்ட் போட்டுப் பாக்குற வேலையை ஒரு மனுஷன் ஒத்தையா பாத்துக்கிட்டிருக்கார்.

பழைய_எல்சிஇசி | திங்கள், காலை 9.15

மோசேயிடம் இதையேதான் எத்திரோ சொன்னார், யாத்திராகமம் 18. "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல." காலை முதல் சாயங்காலம் வரை வழக்கு கேட்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அதைச் சொல்ல இஸ்ரவேல் மூப்பர் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊருக்கு வந்த மாமனார் சொன்னார், அதுவும் மீதியான் தேசத்து ஆசாரியர், வேறு சனம். தாதி அம்மா, தப்பி வரவில்லை நீங்கள்.

எங்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இரண்டு கேட்கப் போகிறேன். போதகர் வெளியில் ஓர் ஆலோசகரிடம் போக வருடாந்திர வரவுசெலவில் ஒரு தொகை. யாரிடம் போனார், என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கக் கூடாது, ரசீது மட்டும் போதும். இரண்டாவது, முறையீடு வந்தால் விசாரிக்க எங்கள் சபைக்குத் தொடர்பில்லாத மூவர். முதலாவது நிறைவேறும். இரண்டாவதற்கு, "நம் சபையில் அதெல்லாம் நடக்காது" என்று எந்தக் கை முதலில் உயரும் என்று எனக்கு இப்போதே தெரியும்.

பெயர்_வேண்டாம் | திங்கள், காலை 9.48

ரெண்டாவதை முதல்ல வைங்க ஐயா.

பழைய_எல்சிஇசி | திங்கள், காலை 9.55

சரி அம்மா. அப்படியே வைக்கிறேன்.

12மணிநேர_ஓட்டுநர் | திங்கள், பகல் 2.22

தெம்பனிஸ்ல வண்டியை ஓரங்கட்டிட்டு எழுதுறேன். போதகர் ஐயா, அந்த வெள்ளை உருண்டை விஷயத்தை வீட்டுக்காரிக்கு வாசிச்சுக் காட்டினேன். அவ சிரிச்சா. "எல்லார் வீட்டு மெஷினுக்கும் அந்த ஆசை உண்டு"ன்னா. எனக்குக் கோபம் முழுசா போகல, சும்மா சொல்லக் கூடாது. எங்க போதகர் அந்த ஒரு மாசம் கழிச்சும் வரல. ஆனா கொஞ்சம் இறங்கியிருக்கு.

திங்கக்கிழமை காலையில நான் சாங்கி வில்லேஜ் அங்காடியில உக்காந்து தே தாரிக் குடிப்பேன். உங்க சபையும் இல்ல, எந்தச் சபையும் இல்ல. உங்க மாற்றலும் சம்பளமும் என் கையில இல்ல. வர்றதுன்னா வாங்க. ஜெபம் பண்ணச் சொல்ல மாட்டேன், நீங்களும் என்னைச் சபைக்குக் கூப்பிடக் கூடாது.

ஒலிஅறைத்_தம்பி | திங்கள், இரவு 8.05

நான்தான் ஆரம்பிச்சேன், நானே காணாமப் போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

யாருகிட்டயும் சொல்லல. ஞாயிறு ஆராதனை முடிஞ்சு ஒயர் சுத்திக்கிட்டிருந்தப்ப போதகர் ஒலி அறைக்கு வந்தார். "தம்பி, அன்னிக்கு..."ன்னு ஆரம்பிச்சார். நான், "ஐயா, அந்த மைக்ரோவேவ் கதவு சரியா மூடுறதில்ல, நான் பாத்து வைக்கிறேன்"னேன். வாயில வந்தது அவ்வளவுதான். அவர் கொஞ்ச நேரம் அங்கயே நின்னார். அப்புறம் ஒயரோட மறு முனையைப் பிடிச்சுச் சுத்தினார். தப்பாத்தான் சுத்தினார், அவர் போனப்புறம் பிரிச்சுத் திரும்பச் சுத்தினேன்.

திங்கள்_விடுமுறை | திங்கள், இரவு 10.40

ஓட்டுநர் சகோதரரே, காலை எத்தனை மணிக்கு?

12மணிநேர_ஓட்டுநர் | திங்கள், இரவு 10.44

ஆறரை. அதுக்கு மேல வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.